எரிக்கப்பட்ட நூல்களும் மொழிபெயர்ப்பாளரும்: பிரெஞ்சு ஆவியியல் ஸ்பானிய மொழிக்குச் சென்ற வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரில் தோன்றிய ஆவியியல் என்னும் கோட்பாடு ஒரு தலைமுறைக்குள் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் பரவியது. பரவியது பிரெஞ்சு நூல்கள் வழியாக மட்டும் அன்று. அவற்றின் ஸ்பானிய மொழிபெயர்ப்புகள் வழியாகவே பெரும்பாலும் பரவியது. மறைஞானம் சார்ந்த நூல்களை மொழிபெயர்க்கத் தகுந்தவரைக் கண்டுபிடிப்பது எக்காலத்திலும் கடினம். இருமொழி அறிவு மட்டும் போதாது. துறையின் உள்வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய ஸ்பெயினில் இதனோடு மூன்றாவது தகுதி ஒன்றும் தேவைப்பட்டது: தடைக்கு அஞ்சாமை. 1861ஆம் ஆண்டு பார்சிலோனாவில் நடந்த நூல் எரிப்பும், அதன்பின் எழுந்த மொழிபெயர்ப்பு முயற்சியும் இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியதன் வரலாறு ஆகும்.

பின்னணி

மறைஞான நூல்களின் மொழிபெயர்ப்பு ஸ்பெயினுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில் அரபு மொழியிலிருந்து வானியல், சோதிடம், மாந்திரீகம் பற்றிய நூல்கள் பல மொழிபெயர்க்கப்பட்டன. ஐரோப்பாவில் 'பிகாட்ரிக்ஸ்' என்று அறியப்பட்ட மாந்திரீக நூல் 1256ஆம் ஆண்டளவில் அரபிலிருந்து காஸ்டீலிய மொழிக்கும், பின்னர் லத்தீனுக்கும் பெயர்ந்தது இவ்வாறே. அரசரின் பொருளுதவி, அரபும் எபிரேயமும் அறிந்த யூத அறிஞர்களின் உழைப்பு, லத்தீன் அறிந்த எழுத்தர்களின் துணை ஆகியவை அக்காலத்தில் ஒன்றுசேர்ந்திருந்தன.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாகியிருந்தது. மறைஞானச் சிந்தனையின் மையம் பாரிஸாக மாறியிருந்தது. எலிஃபாஸ் லெவி என்னும் புனைபெயரில் எழுதிய அல்ஃபோன்ஸ் லூயி கான்ஸ்டன் 1850களில் சடங்கு மாந்திரீகம் பற்றிய தம் நூல்களை வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த 'சுழலும் மேசை' மோகம் பாரிஸ் வரவேற்பறைகளில் பரவியிருந்தது. ஆனால் ஸ்பெயினில் கத்தோலிக்க சமயமே அரசின் ஒரே சமயம். விசாரணை மன்றம் 1834இல் இறுதியாக ஒழிக்கப்பட்டுவிட்டது. எனினும் 1851ஆம் ஆண்டு போப்பாண்டவருடன் ஸ்பானிய அரசு செய்துகொண்ட உடன்படிக்கை, சமயத்துக்குக் கேடு விளைவிக்கும் நூல்கள் பரவாமல் தடுக்க ஆயர்களுக்கு அரசின் துணையை உறுதிசெய்தது. நூல்களைத் தீர்ப்பிட்ட பழைய மன்றம் மறைந்தாலும் அந்த அதிகாரம் முழுவதும் மறையவில்லை.

அலன் கார்டெக்கும் புதிய சொற்களும்

இப்போலித் லியோன் தெனிசார் ரிவாய் 1804இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலோசியின் பள்ளியில் பயின்று, பாரிஸில் ஆசிரியராகவும் பாடநூல் ஆசிரியராகவும் விளங்கினார். 1850களில் மேசை அசைவுகளைக் கவனிக்கத் தொடங்கிய அவர், ஊடகர்கள் எனப்பட்டவர்கள் வழியே ஆவிகளிடம் கேட்டதாகக் கூறிய கேள்விகளையும் பெற்ற விடைகளையும் தொகுத்து 1857 ஏப்ரல் 18 அன்று 'ஆவிகளின் நூல்' என்ற பெயரில் வெளியிட்டார். அதற்கென அவர் சூட்டிக்கொண்ட பெயர்தான் அலன் கார்டெக். 1858இல் 'ரெவ்யூ ஸ்பிரிட்' என்ற மாத இதழைத் தொடங்கினார். 1861இல் 'ஊடகர்களின் நூல்' வெளிவந்தது.

கார்டெக் பள்ளி ஆசிரியர் என்பது அவருடைய உரைநடையில் தெரியும். கேள்வி, விடை, விளக்கம் என்று ஒரு பாடநூலின் ஒழுங்கில் அவர் எழுதினார். மொழிபெயர்ப்பாளருக்கு இது ஓர் உதவி. எலிஃபாஸ் லெவியின் உருவகம் செறிந்த நடையோடு ஒப்பிட்டால் கார்டெக்கின் வாக்கியங்கள் தெளிவானவை.

சிக்கல் சொற்களில் இருந்தது. புதிய பொருளுக்குப் புதிய சொல் வேண்டும் என்பது கார்டெக்கின் கொள்கை. பொருள்முதல்வாதத்துக்கு எதிரான எந்தத் தத்துவத்தையும் குறித்த 'ஸ்பிரிச்சுவலிஸ்ம்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல் தம் கோட்பாட்டுக்குப் பொருந்தாது என்று கருதி, 'ஸ்பிரிட்டிஸ்ம்' என்ற சொல்லை அவர் ஆக்கினார். ஆன்மாவுக்கும் உடலுக்கும் இடையே உள்ளதாக அவர் கூறிய நுண்ணுடலுக்கு 'பெரிஸ்பிரி' என்று பெயரிட்டார். விதையின் கருவைச் சூழ்ந்திருக்கும் உறைக்குத் தாவரவியலில் வழங்கிய 'பெரிஸ்பெர்ம்' என்ற பெயரை ஒத்து அமைந்த சொல் அது. ஒரு பிறவிக்கும் அடுத்த பிறவிக்கும் இடையில் ஆவி இருக்கும் நிலைக்கும் தனிச்சொல் ஒன்றை வகுத்தார். இச்சொற்களுக்கு அன்றைய ஸ்பானிய அகராதிகளில் இடமில்லை. ஆகவே அகராதியை மட்டும் நம்பி வேலை செய்யும் எவரும் இந்நூல்களை மொழிபெயர்த்திருக்க முடியாது.

1861 பார்சிலோனா நூல் எரிப்பு

மொரீஸ் லஷாத்ர் என்ற பிரெஞ்சுப் பதிப்பாளர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் தாம் வெளியிட்ட நூல்களுக்காகத் தண்டனை பெற்று, நாட்டைவிட்டு வெளியேறி பார்சிலோனாவில் புத்தகக் கடை நடத்திவந்தார். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டவரும் இவரே. லஷாத்ர் தம் கடைக்கு 300 ஆவியியல் நூல்களையும் சிற்றேடுகளையும் அனுப்புமாறு கார்டெக்கிடம் கேட்டார். நூல்கள் முறைப்படி எல்லை கடந்து வந்தன. சுங்கத் தீர்வையும் வசூலிக்கப்பட்டது. ஆனால் பெட்டிகள் உரியவரிடம் சேருமுன் நூற்பட்டியல் பார்சிலோனா ஆயர் அந்தோனியோ பாலவ் இ தெர்மென்ஸின் பார்வைக்குச் சென்றது. நூல்கள் கத்தோலிக்க நம்பிக்கைக்கு எதிரானவை என்று கூறி அவற்றைப் பறிமுதல் செய்து எரிக்க அவர் ஆணையிட்டார். குறைந்தபட்சம் நூல்களைப் பிரான்சுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்கப்பட்டது. திருச்சபை உலகம் முழுவதற்கும் உரியது. பிற நாட்டு மக்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கவும் இடம் தரமுடியாது என்ற காரணத்தால் அக்கோரிக்கையும் மறுக்கப்பட்டது.

1861 அக்டோபர் 9 அன்று காலை பத்தரை மணிக்கு, மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டுவந்த சித்தாதெல் கோட்டை வெளியில் நூல்கள் எரிக்கப்பட்டன. கார்டெக்கின் இதழ் வெளியிட்ட விவரத்தின்படி, திருவுடை அணிந்த குரு ஒருவர் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் தீப்பந்தமும் ஏந்தி நின்றார். நிகழ்வைப் பதிவுசெய்ய ஓர் ஆவணப் பதிவாளரும் அவருடைய எழுத்தரும் இருந்தனர். சுங்கத் துறையின் மேலதிகாரி ஒருவரும், தீயை மூட்டிக் காக்கப் பணியாளர் மூவரும் இருந்தனர். நூல்களின் உரிமையாளர் சார்பில் ஒரு சுங்க முகவரும் நின்றார். கூடியிருந்த மக்களில் பலர் விசாரணை மன்றத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினர் என்றும், தீ அணைந்தபின் சிலர் சாம்பலையும் கருகிய தாள்களையும் எடுத்துச் சென்றனர் என்றும் அவ்விவரம் கூறுகிறது.

எரிக்கப்பட்டவற்றில் கார்டெக்கின் நூல்களோடு, ஜோன் ஆஃப் ஆர்க்கின் ஆவி சொல்லக் கேட்டு எர்மான்ஸ் துஃபோ என்ற இளம்பெண் எழுதியதாகக் கூறப்பட்ட வரலாறும், மோசார்ட்டின் ஆவி அளித்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இசைத்துணுக்கின் அச்சுப்படியும் இருந்தன.

இந்நிகழ்வில் பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. எரிந்த நூல்கள் அனைத்தும் அயல்நாட்டிலிருந்து வந்தவை; பிரெஞ்சு படித்தவர்க்கு மட்டுமே பயன்படுபவை. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்பானிய மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் எழுத்தறிவு இல்லாதவர்கள். எழுத்தறிந்தவர்களிலும் பிரெஞ்சு அறிந்தோர் வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், அதிகாரிகள் ஆகிய சிறு வட்டத்தினரே. அந்த வட்டத்துக்குள் முடங்கியிருக்கக்கூடிய ஒரு பெயர், பொதுவெளியில் மூட்டிய தீயினால் நகரம் முழுவதும் பேசப்படும் பெயரானது. நூலில் என்ன இருந்தது என்று அறிய விரும்பியோர் பலர். அதைப் படிக்கக்கூடியோர் மிகச்சிலர். இந்த இடைவெளியே மொழிபெயர்ப்பாளரின் தேவையை உண்டாக்கியது.

மொழிபெயர்ப்பாளர் கிடைத்த விதம்

பதிப்பகம் ஒன்று கூலி கொடுத்து அமர்த்தக்கூடிய வேலையாக இது இருக்கவில்லை. பெயரை வெளியிட்டால் சமூகத்திலும் திருச்சபையிலும் பின்விளைவு நேரும். 1864இல் ரோமாபுரி கார்டெக்கின் நூல்களைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தபின், கத்தோலிக்கர் எவரும் அவற்றை வைத்திருப்பதே குற்றமாயிற்று. எனவே மொழிபெயர்ப்பாளர் வாசகர்களிடையிலிருந்தே வர வேண்டியிருந்தது.

அவ்வாறு வந்தவர் ஹோசே மரியா ஃபெர்னாண்டஸ் கோலவிடா (1819–1888). கத்தலோனியாவின் தோர்த்தோசா நகரில் பிறந்தவர். இளமையில் கார்லிஸ்ட் படையில் சேர்ந்து போரிட்டவர் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. கார்லிஸ்டுகள் பழைய முடியாட்சிக்கும் கத்தோலிக்க மரபுக்கும் ஆதரவாக ஆயுதம் ஏந்தியவர்கள். அந்தப் பாசறையிலிருந்து வந்த ஒருவர் திருச்சபை எரித்த நூல்களை மொழிபெயர்க்கத் துணிந்தது அக்காலத்தின் மனமாற்றங்களுக்கு ஒரு சான்று.

நூல் அவர் கைக்கு வந்தது கடல் வழியாக என்பது ஆவியியலாளர் மரபு. எல்ச்சே ஊரைச் சேர்ந்த கப்பல் தலைவர் ரமோன் லஹியேர் மார்செய்ல் துறைமுகத்தில் 'ஆவிகளின் நூலை'க் கண்டு வாங்கி பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்தார் என்று அம்மரபு சொல்கிறது. இந்த லஹியேர் ஸ்பானிய அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றவர். 1868 செப்டம்பரில் கானரித் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த தளபதிகளை 'புவனவென்தூரா' என்ற நீராவிக் கப்பலில் ஏற்றி காதிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அரசி இரண்டாம் இசபெல்லாவின் ஆட்சியை முடித்துவைத்த புரட்சி அங்கிருந்துதான் தொடங்கியது.

கோலவிடா 1860களில் தொடங்கி கார்டெக்கின் முதன்மை நூல்களை ஒவ்வொன்றாக ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். தலைநகர் மத்ரித்தில் அல்வெரிகோ பெரோன் என்ற புனைபெயரில் எழுதிய என்ரிக்கே பாஸ்தோர் இ பெதோயாவும் அவரைச் சூழ்ந்த குழுவும் இதே பணியில் ஈடுபட்டிருந்தனர். புனைபெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்து அச்சத்தையும் காட்டுகிறது. கோலவிடாவைப் பிற்காலத்தவர் 'ஸ்பானியக் கார்டெக்' என்று அழைத்தனர். ஒரு கோட்பாட்டை மொழிபெயர்த்தவர், அம்மொழியில் அக்கோட்பாட்டின் ஆசிரியராகவே கருதப்பட்டார் என்பதை இப்பட்டம் உணர்த்துகிறது.

மொழியில் எழுந்த சிக்கல்கள்

பிரெஞ்சும் ஸ்பானியமும் லத்தீனிலிருந்து பிறந்த உடன்பிறப்பு மொழிகள். சொற்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் மொழிபெயர்ப்பு எளிது என்ற எண்ணம் உண்டாகும். மறைஞான நூல்களில் இந்த ஒற்றுமையே பெரும் இடர்.

முதலாவது, 'எஸ்பிரி' என்ற பிரெஞ்சுச் சொல். ஆவி, மனம், அறிவுக்கூர்மை, நகைச்சுவைத் திறன் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். ஸ்பானியத்தின் 'எஸ்பிரிட்டு' ஆவியையும் உள்ளுணர்வையும் குறிக்கும்; அறிவுக்கூர்மைக்கு 'இன்ஹேனியோ' என்ற வேறு சொல் வேண்டும். கார்டெக் தனித்தனி ஆவிகளைக் குறிக்கும்போது பெரிய எழுத்தால் தொடங்கி எழுதினார். சிறிய எழுத்தில் வரும் இடங்களில் அது மனமா, அறிவா, பொதுநிலை ஆன்மாவா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாவது, 'சுவெஞோ' என்ற ஸ்பானியச் சொல். உறக்கம், கனவு இரண்டுக்கும் அது ஒன்றே. பிரெஞ்சில் தமிழைப் போலவே இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உறங்கும்போது ஆன்மா உடலின் கட்டிலிருந்து தளர்கிறது. அதன் அனுபவ நினைவே கனவு என்பது கார்டெக்கின் விளக்கம். உறக்கம் காரணம், கனவு விளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் அந்த வாதமே குழம்பிவிடும். 'உறங்குதல்' என்ற வினையைப் பெயராக்கியோ, கனவுக்கு 'என்சுவெஞோ' என்ற சொல்லைப் பயன்படுத்தியோதான் இதைத் தீர்க்க முடியும்.

மூன்றாவது, முன்னிலைச் சொல். பிரெஞ்சின் 'வூ' தமிழின் 'நீங்கள்' போன்றது. ஒருவரை மரியாதையாக அழைக்கவும் பலரை அழைக்கவும் அதுவே. ஸ்பானியத்தில் மரியாதை ஒருமைக்கு ஒரு சொல்லும் பன்மைக்கு வேறு சொல்லும் உண்டு. ஓர் ஆவி விடையளிக்கும்போது கேள்வி கேட்டவரிடம் மட்டும் பேசுகிறதா, மனிதகுலம் முழுவதையும் நோக்கிப் பேசுகிறதா என்பது பிரெஞ்சில் திறந்தே இருக்கும். ஸ்பானியத்தில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பன்மைக்கு ஸ்பெயினில் வழங்கும் 'வோசோத்ரோஸ்' லத்தீன் அமெரிக்காவின் அன்றாடப் பேச்சில் இல்லை. அங்குள்ள வாசகர் காதில் அது வேதாகம நடையாகவும் பிரசங்க நடையாகவும் ஒலித்தது.

நான்காவது, புதுச்சொற்கள். 'ஸ்பிரிட்டிஸ்ம்' என்பது 'எஸ்பிரிட்டிஸ்மோ' ஆனது. 'பெரிஸ்பிரி' என்பது 'பெரியெஸ்பிரிட்டு' ஆனது. ஒலியைச் சற்றே மாற்றி அப்படியே ஏற்றுக்கொள்ளும் இம்முறை நிலைத்தது. ஆனால் இயக்கத்தைச் சேர்ந்தவரை எப்படி அழைப்பது என்பதில் ஸ்பானிய மொழி இரண்டு வழிகளில் பிரிந்தது. பிரெஞ்சை ஒட்டிய 'எஸ்பிரிதா', ஸ்பானிய இலக்கணத்துக்கு இயல்பான 'எஸ்பிரிட்டிஸ்தா' ஆகிய இரண்டும் இன்றுவரை வழக்கில் உள்ளன.

ஐந்தாவது, சமயச் சொற்கள். கடவுள், ஆன்மா, மீட்பு, அறம் முதலிய சொற்களுக்கு ஸ்பானியத்தில் கத்தோலிக்கப் பொருள் ஊறிப்போயிருந்தது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய கொள்கைக்கு மாற்றாக, பிறர்க்கு உதவும் அன்பில்லாமல் மீட்பில்லை என்பதைக் கார்டெக் தம் கோட்பாட்டின் அடிநாதமாக வைத்தார். மொழிபெயர்ப்பாளர் இங்குக் கத்தோலிக்கருக்குப் பழக்கமான 'கரிதாத்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். பழைய சொல்லில் புதிய பொருள் நுழைந்தது. ஆவியியல் கிறிஸ்தவத்துக்குப் புறம்பானதன்று என்று வாசகர் எண்ணவும், அதே காரணத்தால் அது இன்னும் ஆபத்தானது என்று ஆயர்கள் எண்ணவும் இச்சொல்லாட்சி இடமளித்தது.

இந்தியப் பெயர்களிலும் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூல்கள் விஷ்ணு, கிருஷ்ணன் முதலிய பெயர்களின் 'ஷ' ஒலியைப் பிரெஞ்சு எழுத்துமுறைப்படி எழுதின. அதே எழுத்துகளுக்கு ஸ்பானியத்தில் 'ச்ச' என்ற ஒலி. எழுத்தை அப்படியே பெயர்த்து எழுதியபோது விஷ்ணு 'விச்னு' ஆனார். மூலமொழியை அறியாமல் இடைமொழி வழியாகப் பெயர்ப்பதில் நேரும் பிழைக்கு இது எளிய எடுத்துக்காட்டு.

1868க்குப் பின்

1868 புரட்சி அச்சுரிமையைக் கொடுத்தது. 1869 அரசியலமைப்பு பிற சமய வழிபாட்டை அனுமதித்தது. அதுவரை மறைவில் இருந்த மொழிபெயர்ப்புகள் கடைகளுக்கு வந்தன. கோலவிடா 1869இல் பார்சிலோனாவில் 'ரெவிஸ்தா எஸ்பிரிட்டிஸ்தா' என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று பாரிஸில் கார்டெக் இறந்தார். மூல ஆசிரியர் மறைந்த ஆண்டில் மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த மேடையை அமைத்துக்கொண்டார்.

1873இல் முதல் ஸ்பானியக் குடியரசின் நாடாளுமன்றத்தில் ஆவியியல் பற்றாளர்களான உறுப்பினர் சிலர், கல்விச் சீர்திருத்தத்தில் ஆவியியலையும் ஒரு பாடமாகச் சேர்க்கக் கோரும் திருத்தத்தை முன்வைத்தனர். அவர்களுள் ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த மனுவேல் கொர்ச்சாதோ. 1874 சனவரியில் இராணுவம் நாடாளுமன்றத்தைக் கலைத்ததால் அம்முயற்சி பலிக்கவில்லை. நூல்கள் எரிக்கப்பட்டு பன்னிரண்டே ஆண்டுகளில் அதே பொருள் நாடாளுமன்றத்துக்கு வந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பு யாரைச் சென்றடைந்தது என்பதை அமாலியா டொமிங்கோ சோலரின் (1835–1909) வாழ்க்கை காட்டுகிறது. செவில்லாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, தையல் வேலையால் பிழைத்தவர். பார்வை குன்றி அத்தொழிலும் கைவிட்டுப்போன நிலையில் ஸ்பானிய மொழி ஆவியியல் இதழ்கள் வழியாக அவர் இக்கோட்பாட்டை அறிந்தார். 1870களில் பார்சிலோனாவை அடுத்த கிராசியாவில் குடியேறி, 1879இல் 'லா லூஸ் தெல் போர்வெனிர்' என்ற வார இதழைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே அதிகாரிகள் அதை நிறுத்திவைத்தனர். அவர் வேறு பெயரில் இதழை நடத்தினார். நூல்கள் மொழிபெயர்க்கப்படாதிருந்தால் பாரிஸ் வரவேற்பறைக்கும் இந்தத் தையற்காரப் பெண்ணுக்கும் இடையே எந்தத் தொடர்பும் ஏற்பட்டிருக்காது.

1888 செப்டம்பரில் பார்சிலோனாவில் முதல் பன்னாட்டு ஆவியியல் மாநாடு நடைபெற்றது. தோர்ரெஸ்-சொலானோத் பிரபு அதற்குத் தலைமை வகித்தார். அவ்வாண்டு நகரில் உலகக் கண்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. 1869க்குப் பின் சித்தாதெல் கோட்டை இடிக்கப்பட்டு பூங்காவாக்கப்பட்டிருந்தது. கண்காட்சி நடந்தது அந்தப் பூங்காவில்தான். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் நூல்கள் எரிந்த வெளியை ஒட்டிய இடம் அது. கோலவிடா மாநாட்டைக் காணும்வரை வாழ்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

லத்தீன் அமெரிக்காவில்

ஸ்பெயினில் அச்சான மொழிபெயர்ப்புகள் கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ, அர்ஜென்டினா ஆகிய நாடுகளுக்குச் சென்றன. மெக்சிகோவில் தளபதி ரெஃபூஹியோ இந்தலேசியோ கொன்சாலெஸ் கார்டெக்கைத் தாமே மொழிபெயர்த்ததோடு 'லா இலுஸ்த்ரசியோன் எஸ்பிரிதா' இதழின் மூலம் அக்கருத்துகளைப் பரப்பினார்.

பின்னர் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான பிரான்சிஸ்கோ மதேரோ 1890களின் தொடக்கத்தில் பிரான்சில் மாணவராக இருந்தபோது கார்டெக்கின் நூல்களை மூலமொழியிலேயே படித்தவர். 1911இல் அவர் ஸ்பானிய மொழியில் 'மனுவல் எஸ்பிரிதா' என்ற கையேட்டை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'பீமா'; மகாபாரதத்தின் பீமனே அது. பகவத் கீதைக்கும் அவர் விளக்கக் குறிப்புகள் எழுதியுள்ளார். இங்கு மொழிபெயர்ப்பு அடுத்த கட்டத்தை எட்டியது. பிரெஞ்சில் கற்றதை வரிக்கு வரி பெயர்க்காமல், தம் மொழியில் புதிதாக எழுதும் கட்டம் அது.

கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் கார்டெக்கின் பிரார்த்தனைகள் சிறு நூல்களாகத் தொகுக்கப்பட்டு வீட்டுக் கூட்டங்களில் உரக்கப் படிக்கப்படுகின்றன. ஆப்பிரிக்க மரபில் வந்த வழிபாடுகளோடு அவை கலந்துவிட்டன. படிப்பவர்களில் பெரும்பாலோர் அவ்வாக்கியங்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று எண்ணுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லே அங்குப் பிரார்த்தனையின் சொல்லாக நிலைத்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டு

1939இல் பிராங்கோவின் ஆட்சி அமைந்தபின் ஸ்பெயினில் ஆவியியல் அமைப்புகள் ஒடுக்கப்பட்டன. மறைஞான நூல்களின் ஸ்பானிய வெளியீட்டு மையம் புவெனஸ் ஐரிஸ் நகருக்கு மாறியது. 1907இல் தொடங்கிய கியெர் நிறுவனம் கார்டெக் உட்பட இத்துறை நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது.

பின்னாளில் கட்டுப்பாடு தளர்ந்தபோது இத்துறை வணிகப் பதிப்பகங்களின் கைக்கு வந்தது. 1960இல் பாரிஸில் வெளிவந்து பரபரப்பூட்டிய லூயி பவெல்ஸ், ஜாக் பெர்ஜியே இருவரின் நூலுக்குப் பிரெஞ்சில் 'மந்திரவாதிகளின் காலைப்பொழுது' என்று பொருள்படும் தலைப்பு. பார்சிலோனாப் பதிப்பகம் அதை 'சூனியக்காரர்களின் மீள்வருகை' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. விடியலைக் குறித்த தலைப்பு, பழையது திரும்பிவருவதைக் குறிக்கும் தலைப்பானது. கோலவிடா காலத்து மொழிபெயர்ப்பாளர் கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர். இக்காலத்தவர் சந்தைக்கும் கட்டுப்பட வேண்டியிருந்தது.

மதிப்பீடு

கார்டெக்கின் கூற்றுகள் அறிவியல் முறையில் நிறுவப்படவில்லை. ஊடகர்கள் பலரின் ஏமாற்று வேலைகளும் அக்காலத்திலேயே வெளிப்பட்டன. எனினும் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இந்நிகழ்வுக்குத் தனியிடம் உண்டு.

இத்தகைய நூல்களுக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடுபவர் இன்றும் ஒரு முரண்பாட்டைச் சந்திக்கிறார். நம்பிக்கை இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கு உள்வழக்கு பிடிபடாது; 'பெரிஸ்பிரி'க்கும் ஆன்மாவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். ஆழ்ந்த நம்பிக்கை உடையவரோ, மூலத்தில் தமக்கு ஒவ்வாததை அறியாமலே திருத்திவிடலாம். கார்டெக்கை ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டாம் வகையினர். அவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர். ஆயினும் ஒரு சொல்லின் பிழையால் கோட்பாடே கெடும் என்ற கவலை அவர்களிடம் இருந்தது. மூலநூல்கள் சாம்பலாவதைக் கண்ட தலைமுறைக்கு அந்தக் கவலை இயல்பானது.

பார்சிலோனாவில் எரிந்த 300 படிகளும் பிரெஞ்சு மொழியில் இருந்தவை. அவற்றின் இடத்தில் பின்னர் வந்தவை ஸ்பானிய மொழியில் இருந்தன. அயல்மொழி நூலை எல்லையில் நிறுத்த ஒரு சுங்கச்சாவடி போதும். உள்ளூர் மொழியில் அச்சாகிவிட்ட நூலை நிறுத்த அது போதவில்லை.